வார்னிஷ் பூசின துண்டு

பூசறது யாருக்கும் வரும். ஒரு டப்பா வார்னிஷும் ஒரு பிரஷும் குடுத்தா கழுதகூட வாலால பூசிரும். பூசினத எடுக்கறதுதான் வேல. அதுவும் அடியில இருக்கறதுல ஒரு கீறல் விழாம எடுக்கணும்னா, அன்னிக்கு இலங்கையில பூண்டுலோயாப் பக்கம் இருந்த தேயிலத் தோட்டங்கள்ல என்னைய விட்டா ஆளு கெடையாது. இத நான் பீத்திக்கறதுக்குச் சொல்லல. சரி, கொஞ்சம் பீத்தலும் இருக்கு. அந்தப் பீத்தல் என்னைய எங்க கொண்டுபோய் விட்டுச்சுன்னு சொல்றதுக்குத்தான் இத எழுத உக்காந்தேன்.

தோட்டத்துல நான் தச்சு வேலக்காரங்களோட சேத்தி, எங்களப் பாஸ்னுதான் கூப்புடுவாங்க. ஆனா உளி புடிச்சதவிடப் பஞ்சு புடிச்சதுதான் ஜாஸ்தி. தோட்டத்த நடத்தற தொரமாரு நாலஞ்சு வருஷத்துக்கு ஒருத்தரா மாறுவாங்க. போன தொர கறுப்பா இருக்கணும்னு பூசச் சொன்ன மேசைய, வந்த தொர வெளுப்பா இருக்கணும்பாரு. அப்ப என்னையக் கூப்புடுவாங்க. காஞ்சு எறுகின பூச்ச எடுக்க எத்தனையோ வழி இருக்கு. கோஸ்டிக் சோடாவக் கரைச்சு ஊத்தினா பூச்சு தோலு மாதிரி உரிஞ்சு வந்துரும், ஆனா மரம் கருத்துப் போயி நாரு எழும்பிக்கும். நெருப்புக் காட்டிச் சொரண்டலாம், கொஞ்சம் அசந்தா மரம் தீஞ்சிரும். உப்புத்தாள் போட்டுத் தேய்க்கலாம், பூச்சோட சேந்து மரமும் தேஞ்சிரும். இதெல்லாம் அவசரக்காரன் வழி.

என் வழி வேற. ஒரு கையில ஸ்பிரிட்டுல நனைச்ச பஞ்சு, இன்னொரு கையில டர்பன்டைன்ல நனைச்ச பஞ்சு. ஸ்பிரிட்டு பூச்ச எளக்கும். எளகின ஒடனே டர்பன்டைன் பஞ்ச வெச்சா அந்த எளக்கம் அங்கயே நின்னுக்கும், அடியில எறங்காது. ஒரு உள்ளங்கை அகலம் தொடைக்கணும், பாக்கணும், அதுக்கப்புறந்தான் அடுத்த உள்ளங்கை. ஒரு சாப்பாட்டு மேசைக்கு ரெண்டு வாரத்துக்கு மேலயே ஆகும். பங்களாச் சமையல்காரரு எட்டிப் பாத்து, "என்னா பாஸ், மேசைக்குப் புள்ளப்பேறா? தைலம் தேச்சுக்கிட்டே இருக்க"ன்னு கிண்டலடிப்பாரு. நான் அடுத்த பஞ்ச நனைப்பேன். எனக்கு வேலைன்னா அம்புட்டுப் பொறும. வீட்டுல சோறு அஞ்சு நிமிசம் லேட்டானா தட்டத் தூக்கி எறியற ஆளுதான், பஞ்சு கையில வந்துட்டா மட்டும் முனிவரு.

எங்க பக்கம் ஆறு மாசம் மழ, மிச்ச ஆறு மாசம் பனி. எங்க சனம் வரிசையாக் குடியிருந்த லயத்துல ஒரு காம்பராவுக்குள்ள எத வெச்சாலும் பூஞ்சணம் புடிக்கும். செருப்புல புடிக்கும், இடுப்புப் பெல்ட்டுல புடிக்கும். காகிதம்னா கேக்கவே வேணாம். கலண்டருல வர்ற சாமி படத்தச் சொவத்துல ஒட்டினா ஒரு மழையில முருகனுக்குத் தாடி மொளைச்சிரும். கண்ணாடி போட்டுச் சட்டம் அடிக்க யாருக்கு வசதி இருந்துச்சு? அதனால சனங்க படத்த எங்கிட்டக் கொண்டாருவாங்க. ஒடஞ்ச தேயிலப் பொட்டியோட பலகையில படத்தப் பசை போட்டு ஒட்டி, மேல சோத்துக் கஞ்சித் தண்ணிய ஒரு பூச்சு பூசிக் காயவெச்சு, அதுக்கு மேல ரெண்டு பூச்சு வார்னிஷ் குடுப்பேன். கஞ்சி போடலேன்னா வார்னிஷ் காகிதத்துக்குள்ள எறங்கி எண்ணப் பலகாரம் சுத்தின தாளாட்டம் ஆயிரும். பங்களாவுல மிஞ்சின வார்னிஷ்தான். எங்க தோட்டத்து ஒவ்வொரு லயத்துலயும் நாலு சாமியாவது என் கைப்பட்டு மினுமினுன்னு நின்னுச்சு.

அந்தச் சமயத்துலதான் பிரஜாவுரிமைப் பேச்சு வந்துச்சு. நாடு சொதந்திரமான கையோட, நீங்கெல்லாம் இந்த நாட்டு ஆளுங்களான்னு எங்களப் பாத்துக் கேக்க ஆரம்பிச்சுட்டாங்க. மனுப் போடணும், இத்தன வருஷமா இங்கயே இருக்கோம்னு காட்டணும், அதுக்குக் காகிதம் வேணும். சங்கத்து ஆளுங்க லயம் லயமா வந்து, "வீட்டுல எந்தத் துண்டுக் காகிதம் இருந்தாலும் பத்திரமா வைங்க, அடுப்புக்குப் போட்றாதீங்க"ன்னு சொல்லிட்டுப் போனாங்க. அன்னிக்குச் சாயங்காலம் லயத்துல ஒரு தகரப் பொட்டி பாக்கியில்லாமத் தொறந்து கெடந்துச்சு.

எங்கப்பா அம்மா ரெண்டு பேரும் அதுக்கு முந்தியே போய்ச் சேந்துட்டாங்க. எனக்குன்னு இருந்தது ஒரே அக்கா. அவளும் மச்சானும் ரெண்டு காம்பரா தள்ளிக் குடியிருந்தாங்க. மச்சான் தேயிலச் செடியக் கவ்வாத்து வெட்டறவரு. அதிர்ந்து பேசத் தெரியாது. அவரு இந்தியாவுல பொறந்து, மூணு வயசுல அப்பா அம்மாவோட ராகலைப் பக்கம் ஒரு தோட்டத்துக்கு வந்தவரு. அங்க இருந்து எங்க தோட்டத்துக்கு மாறி வந்தப்ப, அங்கத்தக் கிளாக்கரு பேர் நீக்கி எழுதிக் குடுத்த துண்டு ஒண்ணு அவருகிட்ட இருந்துச்சு. மேல அச்சடிச்ச இங்கிலீசு. அதுக்குக் கீழ கையெழுத்துல அவங்கப்பா பேரு, அம்மா பேரு, மச்சான் பேரு, அந்தத் தோட்டத்துல எந்த வருஷம் பேரு பதிஞ்சாங்கங்கறது. நாக்குல தொட்டு எழுதுவாங்களே, ஊதாப் பென்சிலு, அதுல எழுதியிருந்துச்சு. ராகலையில போய் விசாரிச்சதுல அந்தக் காலத்துப் பேர்ப் புஸ்தகமெல்லாம் கரையான் தின்னுருச்சுன்னு கைய விரிச்சுட்டாங்க. மச்சான் இந்த மண்ணுக்கு எப்ப வந்தாருங்கறதுக்கு ஒலகத்துல இருந்த ஒரே சாட்சி அந்த ஒரு துண்டுதான்.

அதோட ஒரு மூலையில பூஞ்சணம் வந்துருச்சு. மச்சான் அதக் கொண்டாந்து எங்கிட்ட நீட்டி, "மாப்ள, சாமிக்கெல்லாம் பூசறியே, இதுக்கும் ஒரு கை பூசிக் குடேன்"னாரு.

நான் யோசிச்சிருக்கலாம். யோசிக்கவும் செஞ்சேன், அதுதான் கொடும. ஓரத்துல லேசாக் கஞ்சித் தண்ணியத் தொட்டுப் பாத்தேன். ஊதா கசிஞ்சுச்சு. ஆகா, இதுக்குத் தண்ணி ஆவாதுன்னு கஞ்சிய விட்டுட்டு, நேரா வார்னிஷையே ரெண்டு பக்கமும் மெல்லிசாப் பூசினேன். வார்னிஷ் எண்ணச் சரக்கு. அதுக்கு ஊதா அசையல. கயித்துல தொங்கவிட்டுக் காயவெச்சேன். காஞ்சப்ப அப்பளமாட்டம் வெறைச்சு நின்னுச்சு, எழுத்து முன்னைவிட எடுப்பாத் தெரிஞ்சுச்சு. அக்கா அத வாங்கி நாலு வீட்டுக்குக் காட்டிட்டு வந்தா. "எந் தம்பி செஞ்சது. இனிமே தண்ணியில போட்டாலும் ஒண்ணும் ஆகாது"ன்னா. மத்தவங்களும் கேட்டாங்க. டப்பாவுல வார்னிஷ் தீந்துபோச்சு, அதனால அவங்க தப்பிச்சாங்க. எங்கப்பா பேருல அதே மாதிரித் துண்டு ஒண்ணு எங்கிட்ட இருந்துச்சு, அதுக்கும் பூசணும்னு எடுத்து வெச்சேன். வார்னிஷ் வரட்டும்னு பிஸ்கட் டின்னுல போட்டவன் மறந்தே போயிட்டேன்.

அஞ்சாறு வருஷம் கழிச்சு மச்சானுக்கு விசாரணைக்குக் காகிதம் வந்துச்சு. மச்சான், அக்கா, நான் மூணு பேரும் பஸ் புடிச்சு நுவரெலியாவுல இருக்கற கச்சேரிக்கு, அதான் சர்க்கார் ஆபீசுக்குப் போனோம். விசாரிச்சவரு ஒரு சிங்கள ஐயா. தமிழ்ல சொல்ல ஒரு ஆளப் பக்கத்துல வெச்சிருந்தாரு. நல்ல மனுசன், மொகத்துல கடுப்பே இல்ல. மச்சான் துணியில சுத்தி வெச்சிருந்த துண்ட எடுத்துக் குடுத்தாரு. அவரு பிரிச்சுப் பாத்தாரு, ஜன்னல் பக்கம் தூக்கிப் புடிச்சாரு, திருப்பினாரு. நானும் எட்டிப் பாத்தேன்.

எண்ண வார்னிஷ் இருட்டுல கெடந்தாக் கருக்கும். மரத்துல அது அழகு. காகிதத்துல அது கேடு. வெறுந் தேத்தண்ணிச் சாயத்துல இருந்தது கருப்பட்டி நெறத்துக்குப் போயிருந்துச்சு. அச்செழுத்து மட்டும் தெரிஞ்சுச்சு. ஊதா எழுத்து இருக்கா இல்லையான்னே தெரியல. அஞ்சாறு வருஷமா அத ஒருத்தரும் எடுத்துப் பாக்கல. பத்திரமா இருக்குன்னு நெனச்சுப் பொட்டியடியில வெச்சவங்க எதுக்கு எடுத்துப் பாப்பாங்க?

"இது என்ன பூசியிருக்கு? யார் பூசினது?"ன்னு கேட்டாரு. மச்சான் எம்பக்கம் திரும்பக்கூட இல்ல. "பூஞ்சணம் புடிக்காம இருக்கட்டும்னு பூசினதுங்க ஐயா"ன்னு மட்டும் சொன்னாரு.

அந்த ஐயா ரெண்டு வழி சொன்னாரு. கொழும்புக்கு அனுப்பி, இந்த மாதிரிக் காகிதம் பாக்கறவங்ககிட்டக் காட்டலாம், ஆனா எத்தன மாசம் ஆகும்னு சொல்ல முடியாது. இல்ல, ஒரு மாசத்துல நீங்களே படிக்கற மாதிரி ஆக்கிக் கொண்டாங்க. மச்சான் அக்காவப் பாத்தாரு. "கொழும்புக்கே போகட்டுங்க. லேட்டானா ஆகட்டும்"னு மெதுவா ஆரம்பிச்சாரு.

அப்பத்தான் நான் முன்னால போயி நின்னேன். "ஐயா, பூசினது நான்தாங்க. எடுக்கறதும் எனக்குத் தெரியும். ஒரு மாசம் போதும்"னேன். பங்களா மேசைக்கெல்லாம் நான்தான் எடுக்கறதுன்னும் சொன்னேன். அதையும் அந்தத் தமிழ் ஆளு சிங்களத்துல சொன்னாரு. அந்த ஐயா சிரிச்சுக்கிட்டே சரின்னுட்டாரு. ஆழந் தெரியாமக் கால விட்டவன்னு சொல்லுவாங்க. எனக்கு ஆழம் தெரியும். தெரிஞ்சே விட்டேன்.

மொத வாரம் ஒழுங்காத்தான் செஞ்சேன். காகிதத்துக்கு ஈரம் ஆகாதுன்னு எனக்குத் தெரியுமே. சவரம் பண்ற பிளேடு புதுசு ஒண்ணு வாங்கி, அத நெட்டுக்குத்தாப் புடிச்சு, காஞ்ச பூச்ச அப்படியே சொரண்டினேன். அழுத்தக் கூடாது, பிளேடோட கனத்துக்கு எவ்வளவு வருதோ அவ்வளவுதான். மஞ்சப்பொடியாட்டம் தூளு விழும், அத ஊதணும், மறுபடி சொரண்டணும். வேல விட்டு வந்து, இருட்டறதுக்குள்ள வாசப்படியில உக்காந்து செஞ்சா ஒரு நாளைக்கு ஒரு நகத்தகலம் வரும். அந்த வாரத்துல மச்சானோட அப்பா பேரும் அம்மா பேரும் வெளிய வந்துச்சு. ஊதா அப்படியே பொட்டுக் கொறையாம இருந்துச்சு. எறும்பு ஊரக் கல்லும் தேயும்னு சும்மாவா சொன்னாங்க. அதே மாதிரி போயிருந்தா மாசத்துக்குள்ள முடிஞ்சிருக்கும். கணக்குப் பாத்துக்கூட வெச்சிருந்தேன்.

ரெண்டாவது வாரம் புதுத் தொர வர்றாருன்னு தகவல் வந்துச்சு. அவரோட தொரசாணிக்கு அந்தப் பழைய சாப்பாட்டு மேசை புடிக்கலையாம். அது மேல யாரோ ஒரு மடையன் கட்டி வார்னிஷ அள்ளி அப்பியிருந்தான், அதுல கோப்ப வெச்ச வட்டம் வட்டமா வெள்ளத் தழும்பு. தோட்டத்து வேலைய மேற்பார்வை பாக்கற கண்டாக்கையா கூப்புட்டு, "தொர வர்றதுக்குள்ள மேச முடியணும். ஞாயித்துக்கெழமையும் வந்துரு"ன்னாரு. முடியாதுன்னு சொல்லியிருக்கலாமான்னா, சொல்லியிருக்க முடியாது. ஆனா மெதுவாச் செஞ்சிருக்கலாம், அர நாள் லீவு கேட்டிருக்கலாம். கேக்கல. உண்மையச் சொல்லணும்னா எனக்கு அந்த மேச மேல ஆச வந்துருச்சு. அப்படி ஒரு மரம். பூச்சு எளகி வர வர அடியில தேன் நெறத்துல ரேகை ரேகையாத் தெரியும். நான் அதுலயே விழுந்து கெடந்தேன். பதினாறு நாள். ஒரு எடத்துலகூட அவசரப்படல.

அக்கா மட்டும் தெனமும் கேப்பா. "தம்பி, அது எம்புட்டு ஆச்சு?"

"ஆகுது ஆகுது."

"மச்சான் கேக்கச் சொல்லல. நானாத்தான் கேக்கறேன்."

"நச்சு நச்சுன்னு நச்சாத. ஆகுதுன்னா ஆகுது"ன்னு எரிஞ்சு விழுவேன். அவ தன் காம்பராவுக்குப் போயிருவா.

மேச முடிஞ்ச அன்னிக்குத் தொரசாணி கைய வெச்சுத் தடவிப் பாத்துச் சிரிச்சாங்க. தொர என் தோளுல தட்டினாரு. அது சனிக்கெழம. கச்சேரியில மறுபடி நிக்க வேண்டிய நாளு செவ்வாக்கெழம. திங்கக்கெழமைக்கும் பங்களாவுல வேல சொல்லியிருந்தாங்க. மச்சான் பேரும் அந்த வருஷமும் இன்னும் கருப்பட்டிக்குள்ளதான் இருந்துச்சு. பிளேடால சொரண்டினா அதுக்கு இன்னும் பத்து நாளாவது வேணும்.

ஞாயித்துக்கெழம மத்தியானம் பழைய சாமி படம் ஒண்ண எடுத்து, ஒரு கையில ஸ்பிரிட்டு, ஒரு கையில டர்பன்டைன்னு மேசைக்குச் செஞ்ச மாதிரியே செஞ்சு பாத்தேன். அர மணி நேரத்துல கறுப்பெல்லாம் போயி மொகம் பளிச்சுன்னு வந்துச்சு, ஒரு நெறம் கலையல. அவ்வளவுதான், எனக்குத் தல கால் புரியல. இத மொதல்லயே செஞ்சிருக்கலாமே, வெட்டியா ஒரு வாரம் சொரண்டினோமேன்னு நெனச்சேன். அந்தப் படம் அச்சடிச்ச மசி. துண்டுல இருக்கறது ஊதாப் பென்சிலு. அது தண்ணிக்கே ஓடினத என் கண்ணால பாத்தவன் நான். ஸ்பிரிட்டு தண்ணியில்லையேன்னு எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கிட்டேன்.

துண்ட விரிச்சு வெச்சு, மேல அச்செழுத்துல ஆரம்பிச்சேன். சுத்தமா வந்துச்சு. அப்புறம் வருஷம் எழுதின எடத்துக்கு எறங்கினேன். மொதத் தொடைப்புல பஞ்சுல பழுப்பு வந்துச்சு. ரெண்டாவதுல பழுப்போட ஓரத்துல ஊதா.

எனக்குத் தெரிஞ்சுது. தெரியாமச் செஞ்சேன்னு சொன்னாப் பொய். அந்த நிமிசமே டர்பன்டைன வெச்சு நிறுத்தியிருந்தா பாதியாச்சும் நின்னிருக்கும். அதே வெரல்தான் பதினாறு நாள் மேசையில எத்தனையோ தடவ நிறுத்தி நிறுத்திப் பாத்துச்சு. அன்னிக்கு நிறுத்தல. மேல இருக்கற பென்சில் தூளுதான் போகுது, எழுத்து அடியில இருக்கும்னு நெனச்சு இன்னொரு தடவ தொடைச்சேன். நாலு எலக்கமும் ஒண்ணோட ஒண்ணு கலந்து ஊதாவாப் பரவிருச்சு. பதறிப்போயி ஒத்தி எடுக்கப் போனதுல அது மச்சான் பேரு மேலயும் ஏறிருச்சு. நிமிசத்துக்குள்ள எல்லாம் முடிஞ்சு போச்சு. பிளேடால சொரண்டின அப்பா பேரும் அம்மா பேரும் மட்டும் அப்படியே இருந்துச்சு.

பஞ்சையெல்லாம் அடுப்புல போட்டேன். அப்ப மச்சான் வெறகுக் கட்டோட உள்ள வந்தாரு. என் மொகத்தப் பாத்துட்டு, "என்னா மாப்ள?"ன்னாரு.

"மச்சான், உள்ளுக்குள்ள ஏற்கனவே அழிஞ்சு போயிருக்கு. பூச்ச எடுத்தா அடியில இப்படித்தான் கெடக்கு. அந்தக் கிளாக்கரு மட்டமான பென்சில்ல எழுதியிருக்கான்"னேன்.

இது எப்படி என் வாயில வந்துச்சுன்னு இன்னிக்கும் எனக்குத் தெரியல. யோசிச்சுச் சொன்ன பொய்யா இருந்தாலாவது பரவாயில்ல. அதுபாட்டுக்குத் தயாரா வந்துச்சு.

மச்சான் துண்ட வாங்கி வெளிச்சத்துல வெச்சுப் பாத்தாரு. அவருக்கு எழுத்துத் தெரியாது. "இதுல எங்கப்பா பேரு எது?"ன்னாரு. காட்டினேன். அது மேல வெரல வெச்சாரு. "நல்லாத் தெரியுதே. ஓங் கைக்கு வந்ததாலதான் இதாவது தெரிஞ்சுச்சு மாப்ள. ஒம் மேல என்ன தப்பு, அந்தக் கிளாக்கரு மேலதான் தப்பு"ன்னாரு. எனக்கு அங்கயே செத்துறலாமான்னு இருந்துச்சு. செத்தாலும் பரவாயில்ல, வாயத் தொறந்து சொல்லியிருக்கணும். சொல்லல.

செவ்வாக்கெழம கச்சேரியில அந்த ஐயா துண்டப் பாத்தாரு. இந்தத் தடவ சிரிக்கல. மச்சான் பேரு இருக்க வேண்டிய எடத்துலயும் வருஷம் இருக்க வேண்டிய எடத்துலயும் மட்டும் ஊதாக் கறை, மத்ததெல்லாம் சுத்தம். நானே அந்த நாக்காலியில உக்காந்திருந்தாலும் அதத்தான் நெனச்சிருப்பேன். "இத யாரோ வேணும்னே அழிச்ச மாதிரி இருக்கே. முன்னாடி இதுல வேற வருஷம் இருந்துச்சா?"ன்னு கேட்டாரு. அந்தத் தமிழ் ஆளு அதச் சொன்னப்ப மச்சானுக்கு மொகம் செவந்துருச்சு. வாழ்க்கையில ஒரு கொழுந்துக் கூடையக்கூடத் தப்பா எடுக்காத மனுசன். "நாங்க அழிக்கலைங்க ஐயா, அது தானா அழிஞ்சதுங்க"ன்னு கையெடுத்துக் கும்புட்டாரு. நான் பின்னால சொவத்தோட சாஞ்சு நின்னேன். மொதத் தடவ கூப்புடாமயே முன்னால போனவன், அன்னிக்கு ஒரு அடி எடுத்து வெக்கல.

மனு தள்ளுபடி. மேல மனுப் போட்டும் அதே பதிலு. அடுத்த வருஷம் என் மனு விசாரணைக்கு வந்துச்சு. பிஸ்கட் டின்னுல கெடந்த எங்கப்பா துண்ட எடுத்துட்டுப் போனேன். ஒரு மூலையப் பூச்சி அரிச்சிருந்துச்சு, நடுவுல பூஞ்சணத் திட்டு, ஆனா எழுத்து அத்தனையும் தெரிஞ்சுச்சு. பத்து நிமிசத்துல முடிச்சுட்டாங்க. எனக்குப் பிரஜாவுரிமை கெடைச்சுச்சு. ஊரு சாமிக்கெல்லாம் பூசினவன் எங்கப்பா காகிதத்துக்குப் பூச மறந்ததால நான் இந்த நாட்டு ஆளு ஆனேன். லயத்துல பாயாசம் வெச்சது யாருன்னு நெனைக்கறீங்க? எங்கக்காதான்.

மச்சான் வேற வழியில்லாம இந்தியப் பாஸ்போட்டு எடுத்தாரு. புருஷன் எந்த நாடோ பொண்டாட்டி புள்ளைங்களும் அந்த நாடு. எங்கக்கா இந்தத் தோட்டத்துல பொறந்தவ, இந்தியா எந்தத் தெசையில இருக்குன்னுகூட அவளுக்குத் தெரியாது. கொஞ்ச கொஞ்ச நாளைக்குத் தங்கறதுக்கு அனுமதி குடுத்து, புதுப்பிச்சுப் புதுப்பிச்சு, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுவதத் தாண்டி ஒரு வருஷம், இனிமே கெடையாது, கெளம்புங்கன்னு காகிதம் வந்துருச்சு.

அவங்க கெளம்பறதுக்கு நாலு நாள் முந்தி காலையில அக்கா பீலிக்கரையில பாத்திரம் வெளக்கிக்கிட்டு இருந்தா. கொழாயாட்டம் மலையில இருந்து தண்ணி கொட்டற எடம், அந்நேரம் அங்க வேற ஆளு இல்ல. நான் போயிப் பக்கத்துல உக்காந்தேன்.

"அக்கா, அந்தத் துண்டு தானா அழியல. நான்தான் அழிச்சேன். ஸ்பிரிட்டப் போட்டுத் தொடைச்சேன். ஊதா வருதுன்னு தெரிஞ்சும் தொடைச்சேன்."

அவ எந்தத் துண்டுன்னு கேக்கல. வெளக்கறத மட்டும் நிறுத்திட்டா. "அவருகிட்டச் சொல்லிட்டியா?"ன்னா.

"இல்ல. இன்னிக்குச் சொல்லிறப் போறேன். என்னால முடியலக்கா."

"சொல்லாத."

"அவரு பாவம், அந்தக் கிளாக்கரத்தான்…"

"திட்டட்டும். இத்தன வருஷமா மொகந் தெரியாத ஒரு கிளாக்கரத் திட்டிக்கிட்டு இருக்காரு. அவனுக்கு என்ன, எங்கயோ கெடக்கான், அவனுக்கா ஒறைக்கப் போவுது? அவரு ஒன்னையத் திட்ட ஆரம்பிச்சா எனக்குப் பொறந்த வீடுன்னு ஒண்ணு இல்லாமப் போயிரும். போற எடத்துல எனக்கு யாரு இருக்கா? எந் தம்பி இருக்கான், எனக்கொரு வீடு இருக்குன்னு சொல்லிக்கவாச்சும் வேணும்ல. ஓம் மனசு லேசாவணும்னு என் வீட்ட இடிக்காத."

"அப்ப நீயாச்சும் என்னையத் திட்டுக்கா."

"திட்டினா ஒனக்கு நிம்மதியாப் போயிரும். திட்ட மாட்டேன்." அதச் சொல்லிட்டு மறுபடி சட்டியத் தேய்க்க ஆரம்பிச்சா. அழுதாளா என்னான்னு எனக்குத் தெரியல, தல குனிஞ்சே இருந்துச்சு. நான் எந்திரிச்சு வந்துட்டேன்.

தலவாக்கலை ஸ்டேஷன்ல ரயில் ஏத்திவிட்டேன். தலைமன்னாருக்குப் போயி அங்க இருந்து கப்பலு. மச்சான் ஜன்னல் வழியா என் கையப் புடிச்சுக்கிட்டு, "அந்தக் கிளாக்கரு மட்டும் ஒழுங்கா மசியில எழுதியிருந்தான்னா நாங்க இப்படிப் போவோமா மாப்ள?"ன்னாரு. அக்கா என்னையே பாத்துக்கிட்டு இருந்தா. "ஆமா மச்சான்"னேன்.

ரெண்டு வருஷத்துக்கப்புறம் அக்காவோட மூத்த புள்ளைக்குக் கல்யாணம்னு காகிதம் வந்துச்சு. தாய்மாமன் வந்துதான் ஆகணும்னு எழுதச் சொல்லியிருந்தா. பாஸ்போட்டு, விசான்னு அலைஞ்சேன், கல்யாணம் முடிஞ்ச பெறகுதான் வந்துச்சு. அக்கா இங்க வர்றதுக்கு விசா கேட்டுப் பாத்தா. குடுக்கல. அதுக்கப்புறமும் கேட்டா, குடுக்கல. அவ கெஞ்சிக் காப்பாத்தி வெச்ச பொறந்த வீட்டுல நான் குடும்பத்தோட இருந்தேன், கடைசி வரைக்கும் அவ ஒரு நாளும் அதுக்குள்ள கால வெக்கல.